பாக்கெட்ல போன் வச்சா குழந்தை பொறக்காதா?

கேள்வி: வணக்கம் டாக்டர் சார், நான் தண்டையார்பேட்டை, கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுறேன், வயசு 32. கல்யாணம் ஆகி மூணு வருஷம் ஆச்சு, இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்ல. வொய்ஃபுக்கு ஸ்கேன், பிளட் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு, நார்மல்னுட்டாங்க. எனக்கு போன் எப்பவும் பேண்ட் முன் பாக்கெட்லதான், ஹார்பர் கேட் க்யூல மாட்டுனா மணிக்கணக்கா மடியில வச்சு படம் பாப்பேன். போன் ரேடியேஷன் செல்ல அழிச்சிடும், ஆம்பளைக்கு குழந்தை நிக்காதுன்னு வாட்ஸப்ல ஒரு வீடியோ வந்துச்சு. ஃப்ரெண்டு ஒருத்தன் 300 ரூபாய்க்கு ரேடியேஷன் ஸ்டிக்கர் வாங்கி ஒட்டுன்றான். ஒட்டலாமா? பேர் போட வேணாம் சார்.

பதில்: பேர் போடல தம்பி. ஸ்டிக்கரும் வாங்காதீங்க. அது அலைய நெசமாவே தடுத்துச்சுன்னா போன்ல சிக்னலே வராது, சிக்னல் வருதுன்னா அது ஒண்ணத்தையும் தடுக்கல, 300 ரூபாய்க்கு வீட்டுக்கு மீனாவது வாங்கிட்டுப் போலாம்.

எக்ஸ்ரே மாதிரி டிஎன்ஏவ நேரா உடைக்கிற சக்தி போன் அலைக்குக் கிடையாது, லேசா சூடு ஏத்தும், உறுதியா தெரிஞ்சது அவ்ளோதான். 2011ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு இந்த அலைய '2பி', அதாவது கேன்சர் வரலாமோங்கிற சந்தேக லிஸ்ட்ல போட்டது நெசம்தான். சூடு தணிய குடிக்கிறோமே கத்தாழை, அதோட முழு இலைச் சாறும் அதே லிஸ்ட்லதான் இருக்கு.

விந்தணு விஷயத்துக்கு வருவோம். 2009ல ஆஸ்திரேலியாவுல விந்தணுவ லேப்ல தனியா எடுத்து இந்த அலைய பாய்ச்சி பாத்தாங்க, செல்லுக்குள்ள ஆக்சிஜன் கழிவு ஏறுச்சு, அணுவோட நீச்சல் கொறைஞ்சுது, டிஎன்ஏவும் அடி வாங்குச்சு. வீடியோக்காரங்க புடிச்சுக்கிட்டது இந்த மாதிரி ஆராய்ச்சியத்தான். ஆனா அது உடம்புக்கு வெளிய, தோலு சதை ரத்த ஓட்டம் எதுவும் நடுவுல இல்லாம பண்ணது. ஆளுங்கள வச்சுப் பாத்ததுல பெருசு சுவிட்சர்லாந்துல நடந்தது, 2005லேர்ந்து 2018 வரைக்கும் 18-22 வயசுப் பசங்க 2886 பேர். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல போன எடுக்காதவனுக்கு ஒரு மில்லியில 5.65 கோடி அணு, ஒரு நாளைக்கு 20 தடவைக்கு மேல எடுக்குறவனுக்கு 4.45 கோடி. கொறைச்சல்தான், ஆனா உலக சுகாதார நிறுவனம் கீழ் அளவுன்னு வச்சிருக்குறதே 1.6 கோடிதான். அதோட போன பாக்கெட்ல வச்சதுக்கும் அணு எண்ணிக்கைக்கும் சம்பந்தமே தெரியல, 2ஜி போய் 4ஜி வர வர அந்த வித்தியாசமும் தேஞ்சுடுச்சு.

எனக்கு உங்க போனை விட உங்க சீட்டு மேலதான் சந்தேகம். விரை உடம்புக்கு வெளிய தொங்குறதே உடம்புச் சூட்டை விட 2-4 டிகிரி கொறைவா இருக்கணும்னுதான். எண்ணூர் ரோட்டுல வெயில்ல இன்ஜின் சூட்டோட டைட் ஜீன்ஸ் போட்டு நாலு மணிநேரம் குந்தியிருந்தா அது எங்க ஆறும்? க்யூ நிக்கும்போது எறங்கி நடங்க, பாக்கு பீடி இருந்தா விடுங்க, போன டேஷ்போர்டுல வைங்க, காசா பணமா. ட்ரிப்புக்குப் போனா வீட்டுக்கு எத்தினி நாள் கழிச்சு வரீங்கன்னும் எழுதல, முட்டை வெளிய வர அந்த நாலஞ்சு நாள்ல நீங்க ஆந்திரா பார்டர்ல இருந்தா போன் என்ன பண்ணும்?

இன்னொண்ணும் எழுதல. உங்களுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா? எங்க கிளினிக்ல வாரா வாரம் பாக்குறேன், அந்தப் பொண்ணு மஞ்சப்பையில மூணு எடத்து ஸ்கேன் ரிப்போர்ட்ட அடுக்கிக்கிட்டு வந்து உக்காரும், வீட்டுக்காரரு எதிர்ல டீக்கடையில நிப்பாரு, கூப்புட்டா 'எனக்கு என்ன சார், நல்லாதான இருக்கேன்'ம்பாரு. குழந்தை தங்காத ஜோடிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கு தம்பி. விந்து டெஸ்டுக்கு ஊசி கூட கிடையாது. 2லேர்ந்து 7 நாள் சேராம இருந்துட்டு லேப்லயே குடுங்க, வீட்லேர்ந்து எடுத்துட்டுப் போனா ஒரு மணி நேரத்துக்குள்ள போகணும். கம்மியா வந்தா ஒடனே ஒடைஞ்சு போவாதீங்க, ஒரு அணு உருவாக 74 நாள் கிட்ட ஆகும், மூணு மாசம் கழிச்சு திரும்பப் பாக்கணும். விரையில ரத்தக் குழாய் சுருட்டிக்கிட்டிருந்தா அத சரி பண்ண ஆபரேஷனே இருக்கு. உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிதான், யூராலஜி ஓ.பி.ல காட்டுங்க.

கேள்வி: வியாசர்பாடில எங்க பக்கத்து வீட்டு மொட்டை மாடில டவர் வச்சிருக்காங்க டாக்டர், எம்புள்ளைக்கு இப்பதான் கல்யாணம் ஆச்சு, வீடு மாத்தணுமா?

பதில்: வேணாம்மா. டவர் அலை டார்ச் லைட் மாதிரி நேரா தூரத்துக்குத்தான் போகும், கீழ வரது கொஞ்சம். 2012 செப்டம்பர்லேர்ந்து நம்ம நாட்டுல டவர் அலைக்கு அளவே உலக அளவுல பத்துல ஒரு பங்குதான். டவர் தூரமா போச்சுன்னா சிக்னல் புடிக்க உங்க புள்ளை கையில இருக்குற போனுதான் இன்னும் பலமா கத்தணும். மத்தபடி பக்கத்து வீட்டுக்காரருக்கு மாசம் எவ்ளோ வாடகை வருதுன்னு விசாரிச்சு எனக்கும் எழுதுங்க, எங்க மாடியும் சும்மாதான் கெடக்கு.