ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம்: போகுமுன் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற வாசகர்கள், வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகம் பற்றித் தொடர்ந்து கேட்டு எழுதுகிறார்கள். நூலகம், அருங்காட்சியகம், பழைய பாணி நாடக அரங்கு மூன்றும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. இந்த இதழில் அதற்கான பதில்கள்.

கேள்வி: மகள் வர்ஜீனியாவில் இருக்கிறாள். வார நாளில் அவளுக்கு வேலை. நானும் கணவரும் தனியாகப் போய்வர முடியுமா? கட்டணம் எவ்வளவு?

தாராளமாகப் போய்வரலாம். வர்ஜீனியாவிலிருந்து வரும் ஆரஞ்சு, சில்வர், ப்ளூ மெட்ரோ மூன்றுமே கேபிடல் சவுத் நிலையத்தில் நிற்கும். வெளியே வந்து ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டில் வடக்கே நடங்கள். லேசான ஏற்றம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் ஜெஃபர்சன் கட்டடத்தைத் தாண்டியதும் வலது பக்கம் ஈஸ்ட் கேபிடல் ஸ்ட்ரீட். அதில் அடுத்த முனையிலேயே ஃபோல்ஜர். மெதுவாக நடந்தாலும் பத்து, பன்னிரண்டு நிமிடம்தான். காரில் வந்து இறக்கிவிடுவது சரி, நிறுத்திவிட்டுச் சுற்றுவதுதான் தொல்லை. அந்தக் குடியிருப்புத் தெருக்களில் வெளியாட்களுக்குப் பெரும்பாலும் 2 மணி நேர வரம்பு உண்டு.

திங்கட்கிழமை விடுமுறை. கட்டாயக் கட்டணம் இல்லை. 15 டாலர் நன்கொடை என்று குறிப்பிட்டிருப்பார்கள், முடிந்ததைக் கொடுக்கலாம். நேரம் குறித்த பாஸை இணையத்தில் முன்பே எடுத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

கேள்வி: மாமியாருக்கு 78 வயது. படி ஏற மாட்டார். அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போகலாம். நான்கு ஆண்டு சீரமைப்பு முடிந்து 2024 ஜூனில் மறுபடி திறந்தபோது மாறிய முக்கிய விஷயமே இதுதான். பழைய முன்வாசல் படிகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் இரு பக்கத் தோட்டங்கள் வழியாகவும் சரிவுப் பாதை இறங்குகிறது. புதிய கண்காட்சிக் கூடங்கள் தரைக்குக் கீழே இருக்கின்றன. மேலே வர லிஃப்ட் உண்டு.

மேற்குத் தோட்டம் வழியாகப் போனால் அமெரிக்கக் கவிஞர் ரீட்டா டவ் எழுதிய கவிதையைப் பாதையோரப் பளிங்கில் பொறித்திருப்பதைப் படித்துக்கொண்டே இறங்கலாம். உள்ளே போகுமுன் தெருப் பக்கச் சுவரையும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள். ஒன்பது நாடகக் காட்சிகளை ஜான் கிரிகரி புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார். இப்படிப்பட்ட சிற்பங்களைக் கூரையோரத்தில் வைப்பதுதான் வழக்கம். இங்கே நடந்து போகிறவர் கண்ணுக்கு எட்டும்படி தாழ்வாக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஒரே புத்தகத்தின் 82 பிரதிகளை வரிசையாக வைத்திருக்கிறார்களாமே! ஒன்றைப் பார்த்தால் போதாதா? பணக்காரர்களின் கிறுக்குத்தனம் போலத்தான் தெரிகிறது.

கிறுக்கும் கொஞ்சம் இருந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் உயர் பொறுப்பில் இருந்த ஹென்றி ஃபோல்ஜரும் மனைவி எமிலியும் பல்லாண்டுகள் வாங்கிச் சேர்த்தவை இவை. சேர்த்ததில் பெரும்பகுதி பெட்டிகளில் கட்டிக் கிடங்குகளில்தான் கிடந்தது. 1930இல் நூலகத்துக்கு அடிக்கல் நாட்டிய சில நாட்களிலேயே ஹென்றி இறந்துபோனார். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சியில் சுருங்கிப்போன நிதியோடு, தன் பணத்தையும் போட்டுக் கட்டி முடித்தவர் எமிலி. 1932 ஏப்ரல் 23 அன்று திறந்தார்கள்.

ஆனால் அந்த 82உம் ஒன்றுபோல இல்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ‘ஃபர்ஸ்ட் ஃபோலியோ’ என்பது ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டு கழித்து, 1623இல், அவருடைய நாடகக் குழு நண்பர்கள் ஹெமிங்ஸும் காண்டலும் கொண்டுவந்த தொகுப்பு. மொத்தம் 36 நாடகங்கள். ‘மெக்பெத்’, ‘ஜூலியஸ் சீசர்’, ‘டெம்பெஸ்ட்’ உட்பட 18 நாடகங்கள் அதற்கு முன் அச்சேறியதே இல்லை. இன்று உலகில் எஞ்சியிருப்பதாகத் தெரிபவை சுமார் 235 பிரதிகள்; அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கட்டடத்தில்.

அந்தக் கால அச்சகத்தில் அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழை பார்ப்பார்கள். பிழை கண்ணில் பட்டால் அச்சை நிறுத்தி, எழுத்தை மாற்றிவிட்டுத் தொடர்வார்கள். அதுவரை அச்சான தாள்களைத் தூக்கிப் போடுவதில்லை, காகிதம் அவ்வளவு விலை. திருத்திய தாளும் திருத்தாத தாளும் கலந்தே பைண்டிங்குக்குப் போகும். ஆகவே எந்த இரண்டு பிரதியும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது.

பக்கங்களும் ஒன்று, இரண்டு என்று வரிசையாக அச்சாகவில்லை. மூன்று பெரிய தாள்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து வைத்தால் 12 பக்கம். உள் தாளின் ஒரு முகத்தில் வருவது 6ஆம், 7ஆம் பக்கங்கள். அதன் முதுகில் 5உம் 8உம். நடுவிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால், முதல் ஐந்து பக்கத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்று கையெழுத்துப் படியைப் பார்த்து முன்பே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். கணக்குத் தப்பினால்? இடம் போதாவிட்டால் செய்யுளை உரைநடைபோல நெருக்கிக் கோப்பார்கள்; இடம் மிஞ்சினால் உரைநடையைச் செய்யுள்போல உடைத்துப் பரப்புவார்கள்.

இதையெல்லாம் வெளிக்கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சார்ல்டன் ஹின்மன். இரண்டு பிரதிகளின் ஒரே பக்கத்தைக் கண்ணாடிகள் வழியாக ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்து, விளக்கை மாற்றி மாற்றி எரியவிடும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். எங்கே எழுத்து மாறியிருக்கிறதோ அந்த இடம் மட்டும் துள்ளும். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஃபோல்ஜர் பிரதிகளை இப்படி ஒப்பிட்டு, 1963இல் முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்க முடியுமா?

நேரில் பார்க்கும்போது பெரும்பாலான பிரதிகள் மூடியேதான் இருக்கும். பைண்டிங்குகளின் வேறுபாட்டைக் கவனியுங்கள். பின்னாளில் பிரதிகள் கைமாறியபோது, வாங்கிய செல்வர்கள் அவரவர் விருப்பப்படி மாற்றிக் கட்டியவை பல. நாடகப் பட்டியல் உள்ள பக்கம் எங்காவது திரையில் கிடைத்தால் எண்ணிப் பாருங்கள். 36க்கு 35தான் வரும். ‘ட்ராய்லஸ் அண்ட் கிரெசிடா’ கடைசி நேரத்தில் சேர்ந்ததால் பட்டியலில் இடம்பெறவில்லை.

கேள்வி: அங்குள்ள அரங்கம், ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த லண்டன் குளோப் அரங்கின் நகலா? நாடகம் பார்க்க டிக்கெட் வாங்கினால் எந்த இருக்கை நல்லது?

நகல் இல்லை. பழைய ஆங்கிலேயச் சத்திரங்களின் முற்றத்தில் நாடகம் போட்ட காலத்தை நினைவூட்டும்படி கட்டியது. மரத்தாலான அடுக்கு மாடங்கள், செதுக்கிய தூண்கள், மேலே வானம் தெரிகிற பாவனையில் விதானம், ஏறக்குறைய 250 இருக்கைகள். இவ்வளவு மரத்தோடு தீப் பாதுகாப்பு விதிகளைச் சமாளிப்பது எளிதாக இருக்கவில்லை. ஏற்ற வேலைகள் முடிந்து 1970 வாக்கில்தான் முறையான நாடகப் பருவங்கள் தொடங்கின.

தூண்கள்தான் அழகு, தூண்கள்தான் இடைஞ்சலும். பக்கவாட்டு மாடங்களில் உட்கார்ந்தால் மேடையின் ஒரு மூலை மறையும், நிகழ்ச்சி முழுக்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டிவரும். டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் ‘பார்வை மறையும்’ என்று குறித்த இருக்கை மலிவாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். கீழ்த்தளத்தில் நடுப்பகுதியோ, மாடத்தில் மேடைக்கு நேர் எதிரேயோ கிடைத்தால் எடுங்கள்.

நாடகங்கள் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலிருந்து கோடைத் தொடக்கம் வரைதான். ஒத்திகை நடக்கும் நாட்களில் அரங்கை எட்டிப் பார்க்கவும் முடியாமல் போகலாம். அரங்கைப் பார்ப்பதே உங்கள் நோக்கம் என்றால் அன்றைய நிலவரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது டிக்கெட்டே வாங்கிவிடுங்கள். ஆங்கிலம் கடினமாக இருக்குமோ என்ற தயக்கம் வேண்டாம். எல்லா நாடகங்களின் முழு வடிவத்தையும் ஃபோல்ஜர் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. கதைச் சுருக்கத்தையும் முதல் அங்கத்தையும் படித்துவிட்டுப் போனால் போதும், மிச்சத்தை நடிகர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கேள்வி: உள்ளே ஏன் இவ்வளவு இருட்டு? படம் எடுக்கலாமா?

வெளிச்சம் பட்டால் மை வெளுக்கும், காகிதம் நிறம் மாறும். ஒருமுறை போனது திரும்பாது. பழைய தாள்களைப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சத்திலேயே காட்சிக்கு வைப்பார்கள். கண் பழகச் சில நிமிடம் ஆகும். படிக்கும் கண்ணாடியை மறக்காதீர்கள். ஃப்ளாஷ் கூடாது. நாடகத்தின்போது படமே கூடாது.

கேள்வி: கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். மூல நூல் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க வழியுண்டா?

வாசிப்பறைக்கு ஆய்வாளராகப் பதிவு செய்ய வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, எந்த நூல், எதற்காக என்று தெளிவாக எழுதிக் கேளுங்கள். ஃபோலியோ பிரதிகள் பலவற்றின் படங்கள் இணையத்தில் இருப்பதால், ‘சும்மா பார்க்க’ என்றால் அங்கே போய்ப் பாருங்கள் என்பார்கள். காகிதம், பைண்டிங், ஓரக் குறிப்பு என்று படத்தில் தெரியாத ஏதாவது தேவைப்பட்டால் கோரிக்கைக்கு வலுவுண்டு. இத்தகைய வாசிப்பறைகளில் பேனா ஆகாது, பென்சில் மட்டும். சினிமாவில் காட்டும் வெள்ளைக் கையுறையும் வேண்டாம். அது விரலின் உணர்வை மழுங்கடித்துத் தாள் கிழியவே வழி செய்யும். கழுவித் துடைத்த வெறுங்கையே நல்லது.

கேள்வி: அதே நாளில் பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

எதிர்ச்சாரியில் காங்கிரஸ் நூலகத்தின் ஜெஃபர்சன் கட்டடம். ஐரோப்பிய அச்சுக்கலையின் தொடக்க கால நூலான குட்டன்பர்க் பைபிள் அங்கே இருக்கிறது. இலவசம்தான், ஆனால் நேரப் பாஸ் எடுக்க வேண்டும். ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் செவ்வாய் முதல் சனி வரைதான் தோது. அது காலை 10 மணிக்கே திறப்பதால் அதை முதலில் முடித்துவிட்டு, நண்பகலுக்கு ஃபோல்ஜருக்கு வாருங்கள். உச்ச நீதிமன்றக் கட்டடமும் அருகில்தான், ஆனால் சனி, ஞாயிறு கிடையாது. ஃபோல்ஜரின் பழைய பெரிய கூடத்தில் ஒரு கஃபே உண்டு. காபிக்கும் சிற்றுண்டிக்கும் சரி. வயிறு நிறையச் சாப்பிட பென்சில்வேனியா அவென்யூ பக்கம் போக வேண்டும். காங்கிரஸ் நூலகத்தில் பைகளை ஸ்கேன் செய்துதான் உள்ளே விடுவார்கள். சின்னப் பையோடு போனால் வரிசை சீக்கிரம் நகரும்.