பஸ்ஸில் சீண்டியவனை அடித்தேன், அவன் என் மேல் புகார் கொடுத்திருக்கிறான்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 26. போன வியாழக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் நல்ல கூட்டம். பின்னால் நின்ற ஆள் உரசிக்கொண்டே வந்தான். இரண்டு தடவை தள்ளி நின்றேன், அங்கேயும் வந்தான். மூன்றாவது தடவை இடுப்பைப் பிடித்து இழுத்ததில் சுடிதாரின் பக்கத் தையல் விட்டுப்போனது. கையிலிருந்த டிபன் பாக்ஸால் திரும்பி அடித்தேன். அவன் உதடு கிழிந்தது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்தான். ஆத்திரம் தாங்காமல் நானும் இறங்கிப் போய் செருப்பால் இரண்டு அடி அடித்தேன். அவன் அரசு மருத்துவமனையில் தையல் போட்டுக்கொண்டு, காரணமே இல்லாமல் தாக்கினேன் என்று புகார் கொடுத்திருக்கிறான். ‘மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் முடித்துவிடலாம்’ என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அப்பாவும் அதையே சொல்கிறார். நான் செய்தது குற்றமா? நாலு நாள் கழித்து நான் புகார் கொடுக்க முடியுமா?

பதில்: கடிதம் எழுதிக் கொடுக்காதீர்கள் தங்கை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ‘தெரியாமல் அடித்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று உங்கள் கையெழுத்தில் ஒரு தாள் இருந்தால், பஸ்ஸில் அவன் எதுவுமே செய்யவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக நாளைக்கு அதை நீட்டுவார்கள்.

அவன் செய்தது என்ன? பெண்ணை மானபங்கம் செய்யும் நோக்கத்தோடு கைவைத்தது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆவது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 354 என்று இருந்தது, 2024 ஜூலை 1 முதல் இந்த எண். குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. சமரசம் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. அதனால் ஸ்டேஷனில் உட்கார்ந்து ‘ரெண்டு பேரும் விட்டுக்கொடுங்கள்’ என்று பேசுவதற்கே இடமில்லை.

‘கூட்டத்தில் தெரியாமல் பட்டிருக்கும்’ என்று அவன் தரப்பு சொல்லும். நீங்கள் இரண்டு தடவை தள்ளி நின்றதுதான் அதற்குப் பதில். தெரியாமல் பட்ட கை, நகர்ந்த இடத்துக்கெல்லாம் கூடவே வராது. ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்றும் கேட்பார்கள். 1988இல் ஒரு விருந்தில் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் பின்பக்கம் தட்டியதாக பஞ்சாப் காவல்துறைத் தலைவர் கே.பி.எஸ். கில் மீது வந்த வழக்கிலும் இதே வாதம் வைக்கப்பட்டது. அற்பமான செயல் என்று தள்ள முடியாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிறகு அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை 2005இல் உறுதியும் செய்தது.

இனி உங்கள் அடிகள். நீங்கள் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சட்டத்தின் கண்ணில் டிபன் பாக்ஸ் வேறு, செருப்பு வேறு.

டிபன் பாக்ஸ் அடி குற்றமே இல்லை. தற்காப்பு உரிமையைச் சொல்லும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இப்படிப்பட்ட நேரத்துக்காகவே எழுதப்பட்டவை. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தோன்றிய நொடியில் உரிமை தொடங்குகிறது, அந்த அச்சம் இருக்கும்வரை நீடிக்கிறது. அது 40ஆவது பிரிவு. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை கிடையாது, தேவைக்கு மேல் காயப்படுத்தவும் கூடாது. இந்த இரண்டும் 37ஆவது பிரிவு போடும் வரம்புகள். ஓடும் பஸ்ஸில் இடுப்பைப் பிடித்திருக்கிறவனை வைத்துக்கொண்டு எந்தக் காவல்துறையை நாடுவது? கையில் இருந்தது டிபன் பாக்ஸ், அதால் ஒரே அடி, அவன் விட்டான், நீங்களும் நிறுத்தினீர்கள். அந்தப் பதற்றத்தில் திருப்பி அடித்த அடியைத் தங்கத் தராசில் வைத்து நிறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

இதைவிட எவ்வளவோ பெரிய சம்பவங்களிலும் இந்த உரிமை பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. 2021 ஜனவரியில் சோழவரம் அருகே, கத்தியைக் காட்டி வன்கொடுமை செய்ய வந்தவனை அதே கத்தியால் குத்திய 19 வயதுப் பெண்ணைக் காவல்துறையே தற்காப்பு என்று சொல்லி விடுவித்தது. அவன் இறந்துபோயிருந்தான். 2012இல் மதுரையில் மகளைக் காப்பாற்றக் கணவனை அடித்துக் கொன்ற தாயையும் அப்படித்தான் விட்டார்கள். நீங்கள் ஒரு உதட்டுக் காயத்துக்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்க வேண்டாம்.

செருப்படியைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். அவன் இறங்கி நடக்கிறான், உங்களுக்கு முதுகு காட்டிவிட்டான். அச்சம் முடிந்துவிட்டது, அதோடு தற்காப்பு உரிமையும் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் விழுந்தது கோபத்தின் அடி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நான் கல்லூரிக்கு பஸ்ஸில் போன காலத்தில் என் அம்மா தினமும் இரண்டு ஊக்கு எடுத்துக் கொடுப்பார், ஒன்று தாவணிக்கு, ஒன்று பஸ்ஸுக்கு. அந்த இரண்டாவது ஊக்கு எதற்கு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் கழித்து உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்கும் கை நடுங்கியது. ஆனாலும் சட்டத்தில் அந்த இரண்டு அடியும் தற்காப்பில் சேராது.

சரி, அதற்கு என்ன ஆகும்? திடீரென்று கடுமையாகத் தூண்டப்பட்டு அடித்தது என்று 122(1) பிரிவில் வந்தால் அதிகபட்சம் ஒரு மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். சாதாரணக் காயம் என்று 115(2)இல் போட்டாலும் உச்சவரம்பு ஓராண்டு, அபராதம் 10,000 ரூபாய் வரை. இரண்டிலுமே வாரன்ட் இல்லாமல் போலீஸ் உங்களைக் கைது செய்ய முடியாது, நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் புலன்விசாரணையும் நடத்த முடியாது. ஒன்றை மட்டும் பாருங்கள். அவனுக்குப் பல் ஏதாவது உடைந்ததாக மருத்துவமனைப் பதிவில் இருக்கிறதா? பல் உடைந்தால் சட்டம் அதைக் கொடுங்காயம் என்கிறது, கணக்கே மாறிவிடும். உதட்டுத் தையலோடு நின்றால் பயமில்லை.

செருப்படியை மட்டும் மறைத்துவிடாதீர்கள். ஸ்டாப்பில் பத்துப் பேர் நின்றிருப்பார்கள், அதில் இரண்டு பேராவது செல்போனைத் தூக்கியிருப்பார்கள். அடிக்கவே இல்லை என்று நீங்கள் சொல்லி, அந்த வீடியோ வந்து நின்றால், பஸ்ஸுக்குள் நடந்ததைப் பற்றி நீங்கள் சொன்ன உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கும் என்று நீதிமன்றம் நம்பும் அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு உங்கள் பேச்சு முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

அதனால் இன்றைக்கே புகார் எழுதுங்கள். தாராளமாகக் கொடுக்கலாம். நாலு நாள் தாமதம் ஏன் என்று ஒரு வரி சேருங்கள்: வீட்டில் வேண்டாம் என்றார்கள், பயமாக இருந்தது. குடும்ப மானத்தை நினைத்துப் பெண்கள் தயங்குவது இயல்பு என்று 1996இலேயே ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஏறிய இடம், நேரம், தள்ளி நின்ற இரண்டு தடவை, அவன் பிடித்தது, நீங்கள் அடித்தது, இறங்கியது, செருப்பு, எல்லாம் நடந்த வரிசையில் வரட்டும். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கொடுங்கள். எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். புகாரை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு மட்டும் எழுந்து வந்துவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், அது இலவசம். பதிய மறுத்தால் மாநகரக் காவல் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 74ஆவது பிரிவுக் குற்றத்தில் தகவலைப் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரிக்கே 199ஆவது பிரிவில் சிறை உண்டு, இதை மரியாதையாகவே சொல்லலாம்.

பஸ் டிக்கெட் இருக்கிறதா? மகளிர் இலவச டிக்கெட்தானே என்று கசக்கிப் போட்டிருந்தால் கைப்பையின் அடியில் ஒரு தடவை தேடுங்கள். நீங்கள் அந்த பஸ்ஸில்தான் இருந்தீர்கள் என்பதற்கு அந்தச் சின்னத் தாள் சாட்சி. பஸ்ஸில் கேமரா இருந்தால் பதிவு கொஞ்ச நாளில் அழிந்துவிடும், எடுத்துவைக்கச் சொல்லி இன்றே போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுங்கள். கண்டக்டரையும் சாட்சியாகச் சேருங்கள். 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா சீண்டலுக்குப் பலியான பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால் வண்டியை நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு விட வேண்டும் என்று அது ஊழியர்களுக்குக் கட்டளை போடுகிறது. அடுத்த முறை யாருக்காவது நடந்தால், ‘வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்கள்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

போனில் கூப்பிட்டால் போகாதீர்கள். எழுத்து மூலமான சம்மன் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது சரியான சம்மன் ஆகாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போகும்போது வக்கீலோடு போங்கள். பணத்துக்கு யோசிக்க வேண்டாம், பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள்.

அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அவர் பயப்படுவது உங்கள் பேர் கெட்டுவிடுமே என்றுதான். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் தப்பு செய்தவர் நீங்கள் என்று பதிவாகிவிடும், அதை மட்டும் அவருக்குப் புரியவையுங்கள்.

தையல் விட்ட அந்தச் சுடிதாரை இன்னும் துவைக்கவில்லையே? அம்மா எடுத்துத் தைத்துவிடப் போகிறார், சொல்லிவையுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஒரு காகிதப் பையில் மடித்து வைத்து, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.