அப்பாவின் காவடிப் பாட்டுக்கு எந்த டிஸ்க்?

கேள்வி: அப்பா காவடியில் பாடிய கேசட்டுகளை டிஸ்கில் ஏற்றி வைக்க ஆசை. எந்த வெற்று டிஸ்க் நம்பகமானது ஐயா? (வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: சகோதரி, பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள், ஒரே பெயரில் வெவ்வேறு ஆலைச் சரக்கு வரும். நான் விரும்பி வாங்கிய ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் 2015இல் டிஸ்க் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பாதுகாத்து வைக்க, நெடுநாள் தாங்கவென்றே செய்யப்படும் எம்-டிஸ்க் என் தேர்வு. அதில் பதிவு விழுவது வெளிச்சத்தில் வெளுக்கும் சாயத்தில் இல்லை, கனிமப் படலத்தில். அதில் பதிய அதற்கேற்ற டிரைவ் வேண்டும். காரில் கேட்க 80 நிமிட சிடி-ஆர் (ஒரே முறை பதியக்கூடிய வெற்று சிடி) போதும். சிடியில் பதிவு மேல்பக்கப் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அதனால் அதன்மேல் பால்பாயின்ட் பேனா, ஒட்டும் லேபிள் இரண்டும் வேண்டவே வேண்டாம். டர்பன் புழுக்கத்தில் டிஸ்கை ஜன்னலோரம் வைப்பதும் ஆகாது. அப்புறம், ஹார்ட் டிஸ்கிலும் ஒரு நகல் கட்டாயம். கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.