புது ஏர் ரைஃபிள்: கறையா, கோளாறா?

கேள்வி: புதிதாக வாங்கிய 4.5 மி.மீ. மடக்கு பேரல் ஏர் ரைஃபிளில் கறுப்புப் பூச்சு திட்டுத்திட்டாக இருக்கிறது. மரக்கட்டையில் டிரிகர் அருகே கருங்கோடு. பேரலும் லேசாக ஆடுகிறது. மாற்றித் தரக் கேட்கலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: பூச்சை விடுங்கள். எண்ணெய்த் துணியால் துடைத்து வந்தால் துரு அண்டாது. குறி தவறவும் அது காரணமாகாது. விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், அவ்வளவுதான்.

கருங்கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். தட்டாவிட்டால் பெரும்பாலும் மர ரேகை. தட்டினால் திருகுகளைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். அங்கும் அதே இடத்தில் கோடு தெரிந்தால் விரிசல்தான். ஸ்பிரிங்கின் உதைப்பு முழுவதும் திருகுத் துளைகள் வழியாகவே கட்டையில் இறங்குவதால், அது நாளுக்கு நாள் நீளும். ஒட்டித் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது பேரல் ஆட்டம். மூடிய நிலையில் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கீல் போல்ட்டை இறுக்கியும் ஆடினால் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு பெல்லட்டும் (சிறு ஈயக் குண்டு) ஒவ்வொரு இடத்தில் விழும்.

காற்று கசிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பேரல் மூடும் இணைப்பின் மேல் மெல்லிய டிஷ்யூ துண்டை வைத்து, பெல்லட் போட்டுப் பாதுகாப்பான தடுப்பில் சுடுங்கள். துண்டு பறந்தால் சீல் (இணைப்பில் காற்றை அடைக்கும் வளையம்) சரியில்லை. இது சில்லறை வேலை, சீலை மட்டும் மாற்றிவிடலாம். பெல்லட் இல்லாமல் சுட்டுச் சோதிக்க வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன், தடுக்கும் காற்றழுத்தம் போதாமல் வேகமாக மோதிச் சேதமாகலாம்.