பழைய ஆர்டி 350-க்கு ஃபோர்க் பிரேஸ்: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

கேள்வி: திருமங்கலத்தில் இருக்கிறேன். 1986 மாடல் ராஜ்தூத் ஆர்டி 350 வைத்திருக்கிறேன். எழுபதைத் தாண்டினால் வளைவில் முன்பக்கம் துவள்கிற மாதிரி இருக்கிறது. முன் பிரேக்கை அழுத்தினால் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது. இரும்பு மட்கார்டு துருப்பிடித்துப்போனதால் கழற்றிவிட்டு, சின்ன ஃபைபர் மட்கார்டு போட்டிருக்கிறேன். முன்சக்கரத்தின் இரண்டு ஃபோர்க் கால்களையும் சேர்த்துக் கட்டும் பட்டையான ஃபோர்க் பிரேஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆன்லைனில் வாங்கலாமா, கப்பலூர் பக்கம் லேத் பட்டறையில் சொல்லிச் செய்யலாமா? மாட்டுவது எப்படி?

பதில்: பாதிப் பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். கழற்றிப் போட்டீர்களே இரும்பு மட்கார்டு, கம்பெனி கொடுத்த ஃபோர்க் பிரேஸ் அதுதான்.

ஃபோர்க்கின் மேல்பக்கத்தில் இரண்டு பைப்பையும் டி-ஸ்டெம் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. கீழே ஏறி இறங்கும் இரண்டு பாட்டத்தையும் (பைப் நுழைந்திருக்கும் அடிக்குழாய்) ஒன்றாகச் சேர்ப்பது சக்கரத்தின் அச்சான ஆக்சிலும், மட்கார்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பாலமும்தான். அந்தக் காலத்து ஆக்சில் ஒல்லி. போதாக்குறைக்கு உங்கள் வண்டியில் இருப்பது டிரம் பிரேக். பிரேக் பிளேட்டின் காடி ஒரு பக்கத்துப் பாட்டத்தில் உள்ள முட்டில்தான் உட்காருகிறது. நீங்கள் லீவரைப் பிடித்தால் பிளேட்டைச் சுழற்றப் பார்க்கும் விசை முழுக்க அந்த ஒரு கால் வழியாகத்தான் போகும். பாலம் இல்லாவிட்டால் ஒரு பாட்டம் முந்தும், இன்னொன்று பிந்தும். சக்கரம் நூல் அளவுக்குத் திரும்பினாலே கைக்குத் தெரிந்துவிடும். ஃபைபர் மட்கார்டு சேற்றைத் தடுக்கும், இந்தத் திருகலைத் தடுக்காது. ஆர்எக்ஸ் 100-ல் அழகுக்காக மட்கார்டை வெட்டிவிட்டு, வேறு வண்டியின் டிஸ்க் பிரேக்கை ஒரு பக்கம் மட்டும் ஏற்றிக்கொள்கிறவர்களுக்கும் இதே தொல்லைதான்.

ஆனால் நாளைக்கே பிரேஸ் வாங்கிவிடாதீர்கள். துவளுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், எங்கிருந்து துவளுகிறது என்று முதலில் பாருங்கள். ஹேண்டில் கையில் படபடவென்று, நொடிக்கு ஏழெட்டுத் தடவை உதறினால் கோளாறு பெரும்பாலும் முன்பக்கம். வண்டி மொத்தமும் மெதுவாக, நொடிக்கு இரண்டு மூன்று தடவை இடுப்பை ஆட்டினால் பின்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். ஆர்டியின் சுவிங்ஆர்மில், அதாவது பின்சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கையில், அச்சைச் சுற்றிக் கம்பெனி போட்டது பிளாஸ்டிக் புஷ். இத்தனை வருஷத்தில் அது தேய்ந்து போயிருக்கும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, சுவிங்ஆர்மைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் வெண்கல புஷ் கடைந்து போடுங்கள், பிரேஸ் அப்புறம். புஷ்ஷை விட்டுவிட்டு நீங்கள் எவ்வளவு விலையில் பிரேஸ் போட்டாலும் வளைவில் அந்த ஆட்டம் போகாது.

முன்பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது கோன்செட், ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பாட்டத்தையும் கையால் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். டக்டக்கென்று அடித்தால் லூஸ். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நேர்க்கோட்டில் ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றால் ரேஸில் (அந்த பேரிங்கின் குண்டுகள் ஓடும் வளையம்) தடம் விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சக்கர பேரிங், போக்ஸ் கம்பி, டயர் காற்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஃபோர்க் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றும்போது இரண்டு காலிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒன்றில் சீல் கசிந்து ஆயில் குறைந்திருந்தாலே இரண்டு காலும் வேறு வேறு மாதிரி வேலை செய்யும். ஃபோர்க்கைப் பிரித்திருக்கும்போதே பைப்பைத் தடித்த கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். கோணல் இருந்தால் அடியில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரியும். கோணல் பைப்புக்கு பிரேஸ் போட்டால் கோணல் அப்படியே இறுகும், அவ்வளவுதான்.

இதெல்லாம் சரி என்றால், அசல் இரும்பு மட்கார்டு கிடைக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். பழையதாக இருந்தாலும் பாலம் நெளியாமல் இருந்தால் போதும். சாதாரண ஓட்டத்துக்கு அதுவே நிறைய. கிடைக்கவில்லை, அல்லது சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசியிலும் வண்டியைச் சாய்த்து ஏற ஆசை என்றால் பிரேஸ் போடலாம்.

பிரேஸில் இரண்டு வகை உண்டு. ஒன்று மட்கார்டு போல்ட் துளைகளிலேயே உட்காருவது. மற்றது பாட்டத்தின் மேல்விளிம்பைச் சுற்றி வளையமாகக் கவ்வுவது. ஆன்லைனில் பளபளவென்று வருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. பழைய வண்டிக்கு எனக்கு அது பிடிக்காது. வளையம் கவ்வுகிற இடத்துக்கு உள்ளேதான் ஆயில் சீல் இருக்கிறது, அங்கே அலுமினியச் சுவரும் மெல்லியது. கொஞ்சம் கூட முறுக்கினால் வட்டம் அமுங்கி சீல் கசியும். குறைத்து முறுக்கினால் வளையம் நழுவும், பிரேஸ் போட்டதற்கே அர்த்தம் இல்லை. முதல் வகையையே எடுங்கள்.

பக்கத்துக்கு ஒரே போல்ட்டில் நிற்கும் பிரேஸ் கதவுக் கீல் மாதிரி, திருகலுக்கு ஈடு கொடுக்காது. முன்னும் பின்னுமாகத் தள்ளி இரண்டு போல்ட் வேண்டும். பட்டை மேலிருந்து பார்த்தால் அகலமாகவும், பக்கத்திலிருந்து பார்த்தால் தடிமனாகவும் இருக்க வேண்டும். ஒரு திசையில் தடிமனை இரட்டிப்பாக்கினால் அந்தத் திசையில் வளையாமல் நிற்கும் பலம் எட்டு மடங்காகும். அதனால் 5 மி.மீ. தகட்டை வெட்டிக் கொடுத்து ஏமாற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 6061-டி6 என்ற கெட்டியான ரக அலுமினியத்தில் 10 மி.மீ. பலகை கேளுங்கள். ‘அலுமினியம்தானே எல்லாம்’ என்று பாத்திரத் தகடு மாதிரி ஒன்றை எடுத்து வருகிறவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். கப்பலூரானாலும் கே.புதூர் தொழிற்பேட்டையானாலும் அளவு சரியாகக் கொடுத்தால் பட்டறையில் செய்வதுதான் மேல் என்பேன். ரெடிமேட் பிரேஸ் வேறொரு வண்டியின் அகலத்துக்குச் செய்தது. முன்னூறு கைமாறிய உங்கள் ஃபோர்க்கின் அகலம் உங்கள் வண்டிக்கு மட்டும்தான் தெரியும்.

அளவு எடுக்கிற விதத்தில்தான் வேலையே இருக்கிறது. ஃபைபர் மட்கார்டைக் கழற்றுங்கள். ஆக்சில் நட்டை முறுக்கிவிட்டு, ஆக்சிலைப் பிடிக்கும் மூடியின் நட்டுகளை மட்டும் தளர்த்தி விடுங்கள். வண்டியை இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நாலைந்து தடவை அமுக்குங்கள். பாட்டங்கள் தங்களுக்கு இஷ்டமான இடத்தில் போய் உட்காரும். இப்போது மூடி நட்டுகளை முறுக்கி, மட்கார்டு துளை இருக்கும் இடத்தில் இரண்டு பாட்டத்துக்கும் இடையே வெர்னியர் வைத்து அளந்து கொள்ளுங்கள். பட்டறைக்காரருக்குக் கொடுக்க வேண்டியது இந்த அளவுதான்.

செய்து வந்த பிரேஸ் கையால் தள்ளினாலே இடத்தில் போய் நிற்க வேண்டும். சுத்தியலோ நெம்புகம்பியோ தேவைப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இடைவெளி துளி அதிகமாக இருந்தால் போல்ட்டை முறுக்கி நெருக்காமல், இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடான ஷிம் வையுங்கள். கூல்டிரிங்க்ஸ் கேனை வெட்டினால் ஏறக்குறைய 0.1 மி.மீ. தகடு கிடைக்கும், அதுவே தாராளம்.

அப்புறம் ஒரு சோதனை, இதைத் தவற விடாதீர்கள். மறுபடி சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, ஃபோர்க்கின் மேல்மூடியைத் திறந்து ஸ்பிரிங் இரண்டையும் வெளியே எடுங்கள். பிரேஸ் போல்ட்டைத் தளர்வாக வைத்து சக்கரத்தைக் கையால் மேலே தூக்கி இறக்குங்கள். பிறகு போல்ட்டை முறுக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள். இரண்டு தடவையும் ஒரே இலகுவில் வழுக்க வேண்டும். முறுக்கிய பிறகு எங்கேயாவது பிடித்தால் பிரேஸ் பாட்டங்களை விரிக்கிறது அல்லது நெருக்குகிறது. அப்படியே ஓட்டினால் ஃபோர்க் உள்ளே உரசித் தேயும், சிறு மேடுகளை ஃபோர்க் வாங்கவே வாங்காது. ஸ்பிரிங் இல்லாத இந்த நிலையிலேயே சக்கரத்தைக் கடைசி வரை தூக்கி, பிரேஸ் டி-ஸ்டெம்மிலோ ஹாரனிலோ இடிக்கிறதா பாருங்கள். இடிக்கும் என்றால் பெரிய குழியில் வண்டி இறங்கும்போதும் இடிக்கும். டயருக்கும் பிரேஸுக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளி வேண்டும். 3.00-18 டயருக்குப் பதில் அகலமான டயர் போட்டிருந்தால் இதை இன்னொரு தடவை அளந்துவிடுங்கள்.

போல்ட்டுகள் 8.8 கிரேடு (போல்ட்டின் பலத்தைச் சொல்லும் எண்) வேண்டும். எட்டு மி.மீ. போல்ட் என்றால் அலுமினியத்துக்குள் குறைந்தது 12 மி.மீ. மரை பிடிக்க வேண்டும். பழைய மரை கழன்றிருந்தால் பெரிய போல்ட் ஏற்றாமல் ஹெலிகாய்ல் என்ற கம்பிச் சுருள் மரை போடுங்கள். போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு போதும். பிரேக் கேபிளும் ஸ்பீடோ கேபிளும் பிரேஸில் உரசாமல் இருக்கிறதா என்று ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். மதுரை நத்தம் சாலை மேம்பாலத்தில் 7.3 கி.மீ. தூரத்துக்கு நிம்மதியாக ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் முதல் நாள் ஐம்பதுக்கு மேல் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் போல்ட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பைப்பில் ஆயில் கோடு இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று துணியால் துடைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஏறியிருந்தால் போல்ட்டைத் தளர்த்தி ஷிம்மை மறுபடி சரிசெய்யுங்கள்.