பொத்தான் வைத்த மார்லின் வாங்கலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் இருக்கிறேன். நவம்பர் கடைசியில் அலுவலக நண்பரோடு முதல் தடவையாக மான் வேட்டைக்குப் போகிறேன். கடையில் .30-30 தோட்டா போடும் மார்லின் 336 ரைஃபிள் இரண்டு பார்த்தேன். ஒன்றின் வரிசை எண் 26 என்று தொடங்குகிறது, மற்றது 07 என்று. இரண்டாவதில் ஹேமருக்கு (சுடும்போது விழும் சுத்தியலுக்கு) முன்னால் குறுக்கே ஒரு சேஃப்டி பொத்தான் இருக்கிறது, விலையும் குறைவு. நண்பரோ, "பொத்தான் வைத்ததைத் தொடாதே" என்கிறார். பாதுகாப்புக்காக வைத்ததை ஏன் இப்படி வெறுக்கிறார்கள்? அதைக் கழற்றிவிடலாமா?

பதில்: முதலில் வயதைப் பார்ப்போம். 1973 முதல் சில பத்தாண்டுகள் வந்த மார்லினில் வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை நூறிலிருந்து கழித்தால் ஆண்டு கிடைத்துவிடும். 26 என்றால் 1974. 07 என்றால் 1993. மார்லின் அந்தப் பொத்தானைச் சேர்த்தது 1983 வாக்கில். இதே மாதிரியான இன்னொரு ரைஃபிளான வின்செஸ்டர் 94-இல் அது 1992-இல்தான் வந்தது. 2003-இல் வின்செஸ்டரில் அதையும் எடுத்துவிட்டு, ஹேமருக்குப் பின்னால் கட்டைவிரல் படும் இடத்தில் நழுவும் சேஃப்டியாக மாற்றினார்கள்.

வெறுப்புக்குக் காரணம் உண்டு. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் வின்செஸ்டர் 94-ஐ வடிவமைத்தபோது அதில் தனி சேஃப்டி கிடையாது, தேவைப்படவும் இல்லை. ஹேமர் வெளியே இருப்பதால், துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்பது இருட்டிலும் கட்டைவிரலுக்குத் தெரியும். கீழே இறங்கியிருக்கிறதா, முழுக்க இழுபட்டிருக்கிறதா, நடுவில் ஹாஃப் காக்கில் (ட்ரிகரை அழுத்தினாலும் விழாத பாதி நிலையில்) நிற்கிறதா, அவ்வளவுதான் விஷயம். மார்லினிலோ லீவரைக் (தோட்டாவை ஏற்றும் நெம்புகோலைக்) கைப்பிடியோடு சேர்த்து அழுத்தாமல் ட்ரிகர் நகரவே நகராது. இவ்வளவு இருந்தும் பொத்தான் வந்தது அமெரிக்க நஷ்டஈட்டு வழக்குகளுக்குப் பயந்துதான் என்பது பழைய துப்பாக்கி சேகரிப்பாளர்களின் உறுதியான எண்ணம். அதனால்தான் அதை 'லாயர் சேஃப்டி' என்கிறார்கள்.

வேட்டைக்காரர்களின் புகார் வேறு. இந்தப் பொத்தான் ட்ரிகரைப் பூட்டுவதில்லை. ஹேமர் ஃபயரிங் பின்னை (தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசியை) தொடாதபடி தடுக்கிறது, அவ்வளவே. ஹேமரை இழுக்கலாம், ட்ரிகரையும் அழுத்தலாம். அமைதியான காட்டில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், குண்டு போகாது. மான் நின்றுகொண்டிருக்குமா?

சேகரிப்பாளருக்கு இன்னொன்றும் உறுத்தும். 336-இன் ரிசீவர் (குழலுக்குப் பின்னால் இருக்கும் உலோக உடல்) வழவழப்பான, தட்டையான எஃகுப் பக்கம். கண் முதலில் போவதே அங்குதான். சரியாக அங்கே ஒரு வட்டத் துளை. வின்செஸ்டரில் பின்னால் வந்த நழுவும் சேஃப்டி கண்ணை அவ்வளவு உறுத்தாது. ஆனால் பழைய பாணி பீப் சைட் (சிறு துளை வழியே குறி பார்க்கும் கருவி) பொருத்தும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது.

ஆனால் உங்களுக்கு இந்தத் துளை ஒரு லாபம். சேகரிப்பாளர் ஒதுக்குவதால்தான் விலை இறங்கியிருக்கிறது. குழலில் நீள்வட்டத்துக்குள் 'ஜே.எம்.' என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது பழைய மார்லின் ஆலையில் செய்த குழலுக்கான அடையாளம், 1993 ரைஃபிளில் இருக்க வேண்டியது. இருந்தால், குழலின் உட்புறமும் சுத்தமாக இருந்தால், தயங்காமல் இதையே வாங்குங்கள். நண்பர் சொன்னதுக்காக 1974-ஐயே எடுப்பதானால், தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஹாஃப் காக்கில் வைத்து, லீவரை இறுக்கிப் பிடித்தபடி ட்ரிகரை அழுத்திப் பாருங்கள். ஹேமர் விழுந்தால் அந்த ரைஃபிள் வேண்டவே வேண்டாம்.

பொத்தானைக் கழற்றாதீர்கள், அசையாதபடி இறுக்கியும் வைக்காதீர்கள். அதை மனதாரச் சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையாகவே உதவும் இடம் ஒன்று இருக்கிறது: துப்பாக்கியைக் காலி செய்யும்போது. பென்சில்வேனியாவில் தோட்டா நிரப்பிய ரைஃபிளோடு வண்டியில் ஏறக் கூடாது. 336-இன் குழாய் மேகசினை (தோட்டாக்கள் இருக்கும் குழாயை) காலி செய்ய, ஒவ்வொரு தோட்டாவையும் லீவரால் சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்துக்குள்) ஏற்றி வெளியே தள்ளுவதுதான் வழக்கம். ஒவ்வொரு தடவையும் ஹேமர் முழுக்க இழுபட்டு நிற்கும். குளிரில் விறைத்த விரல், தடித்த கையுறை, சாயங்கால இருட்டு. பொத்தானைப் போட்டுவிட்டு லீவரை இயக்கினால், கை தவறினாலும் ஹேமர் பின்னைத் தொடாது.

தோட்டா சேம்பரில் இருக்கும்போது ஹேமரை ஹாஃப் காக்குக்கு இறக்குவதும் அப்படித்தான். குழல்வாய் ஆபத்தில்லாத திசையில் இருக்க, பொத்தானைப் போட்டு, கட்டைவிரலால் ஹேமரை இறுக்கிப் பிடித்து, ட்ரிகரை அழுத்தி, ஹேமர் கொஞ்சம் நகர்ந்ததும் ட்ரிகரை விட்டுவிட்டு மெதுவாக இறக்குங்கள். நடுவில் தானாக நிற்கும். பழைய ரைஃபிளில் இந்த ஒரு நொடியில் கட்டைவிரல் வழுக்கினால் தடுக்க எதுவும் இல்லை என்பதை, பழையதைக் கொண்டாடுகிறவர்கள் உங்களிடம் சொல்வதில்லை.

அந்த 'டக்' சத்தத்துக்குப் பயிற்சிதான் மருந்து. சீசனுக்கு முன் காலி ரைஃபிளோடு தினமும் பத்து தடவை: தோளுக்கு ஏற்றும்போதே பொத்தானை எடு, அப்புறம் ஹேமரை இழு. சிவப்பு வளையம் தெரிந்தால் சுடத் தயார் என்று அர்த்தம். அதைக் கண்ணால் தேடாமல் விரலால் உணரும்வரை செய்யுங்கள்.