பெரிய அக்ரிலிக் மீன் தொட்டியும் மர ஸ்டாண்டும் நாமே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள். 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம் என்றால் 432 லிட்டர். தண்ணீர் மட்டுமே 432 கிலோ, மணலும் கல்லும் தனி.

அக்ரிலிக் பலகையின் தடிமனைப் பெரிதும் முடிவு செய்வது தண்ணீரின் உயரம்தான். 60 செ.மீ.க்கு 12 மி.மீ.க்குக் குறையவே கூடாது. 18 என்றால் நிம்மதி. அச்சில் வார்த்த காஸ்ட் அக்ரிலிக்காகப் பார்த்து வாங்குங்கள்.

ஒட்டுவதில்தான் உயிரே இருக்கிறது. கண்ணாடித் தொட்டிக்குப் போடும் சிலிக்கான் அக்ரிலிக்கை நம்பும்படி பிடிக்காது. அக்ரிலிக்கையே லேசாகக் கரைத்து ஒட்டவைக்கும் கரைப்பான் பசைதான் வேண்டும். விளிம்பை ரம்பத் தடம் தெரியாமல் சமமாக்கி, இரு பலகைகளுக்கும் இடையில் மெல்லிய கம்பித் துண்டுகளை வைத்து, ஊசிக்குழாயால் பசையை ஓட விடுங்கள். அது தானாகவே இடுக்கில் பரவுவது கண்ணுக்குத் தெரியும். அரை நிமிடம் கழித்துக் கம்பிகளை உருவினால் பலகை மெல்ல அமரும். இணைப்பில் குமிழிகள் தெரிந்தால் அந்த இடம் பலவீனம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த ஆவி நல்லதல்ல.

மேல் விளிம்பில் சுற்றுச்சட்டம் அவசியம். இல்லாவிட்டால் பக்கங்கள் புடைக்கும்.

அப்புறம் ஸ்டாண்டு. பாரம் ஸ்க்ரூவில் தொங்கக் கூடாது. மேல்சட்டம் கால்களின் தலையிலேயே உட்கார வேண்டும். அக்ரிலிக்கின் அடிப்பாகம் முழுவதையும் தாங்க 18 மி.மீ. பிளைவுட் போட்டு, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பசை சில நாள் நன்றாக இறுகிய பிறகு, வெளியே வைத்து நீர் நிரப்பி ஒரு வாரம் கவனியுங்கள்.